தலைத்துணிக்கு வெளியே ஒரு கற்றை: ‘பாம் கேர்ள்ஸ்’ தொடர் பார்த்த அனுபவம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பத்தொன்பது வருடம் டிரில்லிங் மெஷின் ஓட்டியவள் நான். ‘பாம் கேர்ள்ஸ்’ தொடரின் முதல் பகுதியில் வேரா என்ற பெண்ணின் முடி மெஷினில் சிக்குகிறது. அவள் அலறுவதற்கு முன்பே என் கை என் பின்னந்தலைக்குப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் என் நாத்தனாரின் கையும் அங்கேதான் இருந்தது. அவள் கிண்டியில் ஏற்றுமதி ஆயத்த ஆடைக் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவள்.

கனடாவின் டொரண்டோவில் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்தபோது டிவிடி வாங்கி வந்தாள். கனடாவில் 2012 ஜனவரியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய தொடர் இது. முதல் சீசன் 6 பகுதிகள், இரண்டாவது 12. 2013-ல் நிறுத்திவிட்டார்கள், மிச்சக் கதைக்காக 2014-ல் ஒரு டிவி படம் வந்தது. 1941-ல் டொரண்டோவில், போருக்குக் குண்டு தயாரிக்கும் ஆலையில் வேலை செய்யும் பெண்களின் கதை. தொடரில் வரும் ஆலை கற்பனை. ஆனால் என் மகள் பஸ்ஸில் கடந்துபோகும் எக்ளிண்டன், வார்டன் சாலைகளின் பக்கத்திலேயே அந்தப் போரின்போது ‘ஜீகோ’ என்ற நிஜமான ஆலை இருந்தது. 21,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை பார்த்திருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். 25 கோடிக்கும் மேலான வெடிபொருள்களில் மருந்து நிரப்பியது அவர்கள் கைகள். இன்று ஸ்கார்பரோவில் தெருவுக்குத் தெரு தமிழ்க் குரல் கேட்கிறது.

வேராவின் காட்சியிலேயே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் கம்பெனியில் பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டு, மேலே தொப்பி மாட்ட வேண்டும். வளையல் கூடாது. தாலியை ரவிக்கைக்குள் விட்டு ஊக்கு குத்திக்கொள்வோம். எனக்கு அடுத்த மெஷினில் நின்ற பெண்ணுக்கு அன்று கல்யாண நாள். கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். பூ கசங்கிவிடும் என்று தொப்பியை மேலோட்டமாக வைத்திருந்தாள். பீஸைப் பார்க்கக் குனிந்தாள். ஒரு கற்றை போதும், மீதியை டிரில் தானாக இழுத்துக்கொள்ளும். ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தது நான். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வந்துவிட்டது. கீழே இரும்புச் சீவலோடு கனகாம்பரம் சிதறிக் கிடந்தது. கவனக்குறைவு என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். மெஷினுக்குத் தடுப்பு மாட்டியது அதற்கு இரண்டு மாதம் கழித்து.

வேரா தழும்போடு ஆலைக்குத் திரும்பி வருகிறாள். “தழும்பைச் சரியாகவே காட்டவில்லை அண்ணி, அழகாகவே வைத்திருக்கிறார்கள்” என்பது நாத்தனாரின் குறை. எனக்கு அது குறையாகப் படவில்லை. எதிரில் வருகிறவர்களின் கண் எங்கே போகிறது என்று வேரா கவனிக்கிறாளே, அது போதும். என் தோழியும் பல வருடம் அப்படித்தான் எங்கள் கண்களைக் கவனித்தாள்.

தொடரின் உயிர் என்று நான் சொல்வது லோர்னாவைத்தான். மெக் டில்லி நடித்திருக்கிறார். இரண்டு மகன்கள் போர்முனையில். கணவர் முந்தைய உலகப் போரில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில். லோர்னா சூப்பர்வைசர். பெண்களைத் திட்டுகிறாள், வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகிறாள், யாருடைய தலைத்துணி தளர்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே பிடிக்கிறாள். வேலை தெரிந்த சூப்பர்வைசரின் நடை அது. அவளை நல்லவளாக மட்டும் காட்டாமல் விட்டதும் எனக்குப் பிடித்தது. உடன் வேலை செய்யும் மார்கோ இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை என்பதற்காகவே முதலில் அவன் மேல் சந்தேகப்படுகிறாள். அவனுடைய அப்பாவை அரசாங்கம் முகாமில் அடைத்து வைத்திருக்கிறது. கனடாவில் இத்தாலியர்களுக்கு அப்படி நடந்தது உண்மை.

என் மகளுக்குப் பெட்டி என்ற பெண்ணைத்தான் பிடித்தது. அலி லீபர்ட் நடித்த பாத்திரம். கைத்திறமை உள்ள தொழிலாளி; கொடுமைக்கார அப்பாவிடமிருந்து தப்பி வந்த கேட் மேல் அவளுக்குக் காதல். வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் அவள் தோளிலேயே தெரிகிறது. என் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. மகள் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள். பெட்டியின் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, “இந்தப் பெண்ணுக்கு அவள் மேல் உயிர், தெரிகிறது, மேலே போடு” என்றார் அம்மா.

அம்மா கேட்ட இன்னொரு கேள்விக்குத்தான் எங்கள் யாரிடமும் பதில் இல்லை. பெண்கள் குண்டுக்குள் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். “இது எந்த ஊர்த் தலையில் போய் விழும், கண்ணு?” என்றார். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையே காலியானபோது அம்மாவுக்கு எட்டு வயது. பெரம்பூரிலிருந்து திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனார்கள். தாத்தா மட்டும் வரவில்லை. அவர் பின்னி மில்லில் இருந்தார். பட்டாளத்துக்குக் காக்கித் துணி போய்க்கொண்டிருந்த காலம். அடுத்த வருடம் அக்டோபரில் ஒரு விமானம் வந்து நிஜமாகவே குண்டு போட்டுவிட்டுப் போனது. குண்டுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிய பிள்ளைக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும். தொடர் அதைக் கேட்கத் தயங்குகிறது. இது எனக்குப் பெரிய குறை.

குழந்தைகளைப் பற்றியும் எனக்குப் போதவில்லை. ஒன்டாரியோவில் போர்வேலைக்குப் போகும் தாய்மார்களுக்காக 1942-லிருந்து அரசாங்கச் செலவில் குழந்தைகள் காப்பகங்கள் நடந்தன. போர் முடிந்ததும் 1946-ல் மத்திய அரசு பணத்தை நிறுத்திவிட்டது. நான் வேலை பார்த்த காலத்தில் நம் ஊர்ச் சட்டப்படி தொழிற்சாலையில் 30-க்கு மேல் பெண்கள் இருந்தால்தான் காப்பகம் வைக்க வேண்டியிருந்தது. எங்கள் கம்பெனியில் நாங்கள் இருபத்து நான்கு பேர். என் மகளைப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் விட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அந்த ஓட்டத்தை ஒரு முழுப் பகுதியாகவே எடுத்திருக்கலாம்.

இரண்டாவது சீசனில் கவனம் சிதறுகிறது. பணக்கார வீட்டுப் பெண் கிளாடிஸ் உளவு வேலைக்குப் போகிறாள், கேட் மேடையில் பாடுகிறாள். ஆலைக்குள் நடப்பது குறைந்துகொண்டே போகிறது. நாத்தனாருக்கு இந்தச் சீசன்தான் விறுவிறுப்பு. எனக்கு மெஷின் சத்தம் எப்போது வரும் என்றே இருந்தது. டிவி படம் அவசர அவசரமாக முடிச்சுகளை அவிழ்க்கிறது, பெட்டிக்காகப் பார்க்கலாம். முதல் 6 பகுதிகளை யாரும் விடாதீர்கள், ஆலைவேலை செய்த பெண்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

கனகாம்பரம் வைத்து வந்த அந்தத் தோழி இப்போது திருநின்றவூரில் இருக்கிறாள். தொடரைப் பற்றிப் போனில் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். டிவிடியைப் போடும்போது, அந்த இடம் வரும்போது நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம், ஓடட்டும்” என்றாள்.