பி350 போர்டில் ரைசன் 5600: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

2017இல் பாகங்களை வாங்கி நானே சேர்த்த கணினி இது. பி350 சிப்செட் (ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) உள்ள மதர்போர்டு, ஏஎம்டியின் ரைசன் 5 1600 ப்ராசஸர், இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ராம். 2022 கடைசியில் போர்டை அப்படியே வைத்துக்கொண்டு ப்ராசஸரை மட்டும் கழற்றிவிட்டு ரைசன் 5 5600 போட்டேன். மூன்று வருடத்துக்கு மேல் தினமும் ஓடுகிறது. வீடியோ எடிட்டிங், கொஞ்சம் கேம், மற்றபடி எல்லோரும் செய்கிற வேலைதான். பழைய கணினியில் ப்ராசஸர் மட்டும் மாற்றலாமா என்று யோசிப்பவர்களுக்கு, வாங்கும் முன் நான் எதையெல்லாம் பார்த்தேன், அதற்கு முன்பு ஒருமுறை எதைப் பார்க்காமல் பட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பட்டதை முதலில் சொல்கிறேன். தம்பியின் கணினியில் இன்டெலின் 200 சீரிஸ் சிப்செட் போர்டு, உள்ளே ஐ3 7100, சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) எல்ஜிஏ 1151. பழசாக ஒரு ஐ5 8400 கைக்கு வந்தது, அதுவும் எல்ஜிஏ 1151தான், அப்புறம் என்ன என்று வாங்கிவிட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது, லீவரும் இறங்கியது. ஃபேன் சுற்றியது, திரையில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. ராமைக் கழற்றி மாட்டி, கேபிள் மாற்றி, பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) செட்டிங்கைக் காக்கும் பேட்டரியை எடுத்துப் போட்டு, அரை நாள் போனது. 2017 அக்டோபரில் 8ஆம் தலைமுறை வந்தபோது சாக்கெட்டின் பெயரும் அளவும் அப்படியே இருந்தாலும் சில பின்களின் வேலை மாறிவிட்டது, மின்சாரம் கொண்டுபோகிற பின்கள் கூடின, அதற்கென்று இன்டெலின் 300 சீரிஸ் சிப்செட் வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்தப் போர்டில் எந்தெந்த ப்ராசஸர் ஓடும் என்ற பட்டியலைத் திறந்து பார்த்தால் 7ஆம் தலைமுறையோடு நின்றிருந்தது. வாங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் போதும்.

அந்தப் பட்டியல்தான் இதில் எல்லாமே. போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் சிபியு சப்போர்ட் லிஸ்ட் என்று ஒரு பக்கம் இருக்கும். சாக்கெட் பெயரை வைத்தோ, சிப்செட்டை வைத்தோ, வேறு யாரோ போட்டு ஓடியதை வைத்தோ முடிவு செய்யாதீர்கள், உங்கள் மாடலின் பட்டியலில் அந்த ப்ராசஸரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மாடல் பெயரை சிபியு-இசட் என்ற மென்பொருள் அதன் மெயின்போர்டு பக்கத்தில் காட்டும், விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனிலும் இருக்கும். ஆனால் கேபினெட்டைத் திறந்தும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் ஒரே மாடலுக்கு ரெவ் 1.0, ரெவ் 1.1 என்று இரண்டு வகை வரலாம், இரண்டுக்கும் பட்டியலும் பயாஸும் வேறாக இருக்கலாம். என் போர்டில் அது ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது, டார்ச் அடித்துத்தான் படிக்க முடிந்தது.

பட்டியலில் 5600 இருந்தது. அதே வரிசையின் கடைசிக் கட்டத்தில் ஒரு பயாஸ் எண் இருந்தது: அந்த பயாஸ் முதல்தான் இந்த ப்ராசஸர் ஓடும் என்று அர்த்தம். என்னிடம் இருந்ததோ 2018இல் வந்த பயாஸ். என் போர்டில் இருக்கும் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் இதுதான் முக்கியம், ஏனென்றால் 2017இல் வந்த முதல் ரைசனிலிருந்து 5000 வரிசை வரை எல்லாம் ஒரே சாக்கெட்டில் உட்காரும், ஆனால் பி350 மாதிரி ஏஎம்டியின் 300 சீரிஸ் போர்டுகளுக்கு 5000 வரிசை ஆதரவு 2022இல்தான் முறையாக வந்தது. பழைய பயாஸோடு புது ப்ராசஸரை மாட்டினால் திரை கறுப்பாகவே இருக்கும், சிப் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவோம். அதனால் பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை ஏற்றிவிட வேண்டும், அதை விற்றுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவே கூடாது. சில போர்டுகளில் ப்ராசஸரே இல்லாமல் பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றுகிற பட்டன் உண்டு, என்னுடையதில் இல்லை.

பயாஸ் இறக்கும் இடத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் கீழே இருக்கிற குறிப்பையும் படித்துவிடுங்கள். என் போர்டில், நடுவில் ஒரு பதிப்பை முதலில் ஏற்றாமல் கடைசிப் பதிப்புக்குப் போக முடியாது என்று இருந்தது. ஏற்றிய பிறகு பழையதற்குத் திரும்ப முடியாது என்றும் இருந்தது. பயாஸ் சிப்பில் இடம் குறைவு என்பதால் சில போர்டுகளில் புதிய ப்ராசஸர்களைச் சேர்க்கும்போது பழைய ஏ சீரிஸ் ப்ராசஸர்களின் ஆதரவை எடுத்துவிடுவார்கள், அதுவும் அந்தக் குறிப்பில்தான் தெரியும். பென்டிரைவை எஃப்ஏடி32ஆக ஃபார்மட் செய்து, பயாஸுக்குள் இருக்கும் கருவியிலேயே இரண்டு முறை ஏற்றினேன். யுபிஎஸ் இருந்ததால் கொஞ்சம் தைரியம், இருந்தாலும் அந்தப் பச்சைக் கோடு நிறைகிற வரை நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு இரண்டு நாள் பழைய 1600ஐ வைத்தே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாற்றினேன், ஏதாவது தகராறு வந்தால் பயாஸா ப்ராசஸரா என்று குழம்ப வேண்டியதில்லை.

கழற்றும்போது ஒன்று. ஏஎம்4இல் பின்கள் ப்ராசஸரில் இருக்கின்றன. ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்டை இழுக்கும் உலோகத் துண்டு) நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால், ஹீட்சிங்கை இழுக்கும்போது ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். கணினியைப் பத்து நிமிடம் கனமான வேலையில் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, அணைத்து, மின்சாரத்தை எடுத்து, ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். தானாக விடும்.

முதல் முறை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு கேள்வி வந்தது: புது ப்ராசஸர் போட்டிருக்கிறீர்கள், எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்யவா, ஒய் (ஆம்) அல்லது என் (வேண்டாம்). இங்கே அவசரப்படாதீர்கள். எஃப்டிபிஎம் என்பது ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் பாதுகாப்புப் பெட்டகம், அதில் இருக்கும் சாவிகள் பழைய ப்ராசஸரோடு சேர்ந்தவை, ரீசெட் செய்தால் போய்விடும், பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் விண்டோஸ் 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்கும். நான் பயாஸ் ஏற்றும் முன்பே அதைக் காகிதத்தில் எழுதிவைத்து, பிட்லாக்கரைச் சஸ்பெண்டும் செய்திருந்தேன். ஒய் அழுத்தினேன், நேராக விண்டோஸுக்குள் போனது.

சரி, மூன்று வருட அனுபவம். இருபது நிமிடம் எடுத்த வீடியோ எக்ஸ்போர்ட் பதின்மூன்றுக்கு வந்தது. கேமில் பழைய கிராஃபிக்ஸ் கார்டே புதுசு மாதிரி ஆனது, திடீர் திடீரென்று இழுக்கிறது நின்றுபோனது. நான் எதிர்பார்க்காத நல்லது ராமில் கிடைத்தது. மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள்தான் இருக்கிறது, 1600இல் 3200 வேகத்தில் வைத்தால் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்த அதே ராம் குச்சிகள் 5600இல் 3200இல் அசையாமல் ஓடுகின்றன. விண்டோஸ் 11 ஆதரிக்கும் ப்ராசஸர் பட்டியலில் 1600 கிடையாது, 5600 உண்டு, 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தபோது எனக்கு எந்தச் சிரமமும் இல்லை.

போர்டு பழசு என்பது மாறவில்லை. பி350இல் பிசிஐஇ (கிராஃபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் ப்ராசஸரோடு பேசும் வழி) 3.0தான், ப்ராசஸருக்கு 4.0 தெரிந்தாலும் பயன் இல்லை. வேகமான எஸ்எஸ்டி பாதி வேகத்தில் ஓடுகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நான்கே லேன் (டேட்டா போகும் பாதை) உள்ள கார்டை இதில் போட்டால் நன்றாகவே அடி வாங்கும். விஆர்எம், அதாவது ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் பாகம், இன்னொன்று. என் போர்டில் பாதி விஆர்எம்முக்கு ஹீட்சிங்க் இல்லை, பட்டியலில் 105 வாட் 5800எக்ஸ் இருந்தும் 65 வாட் 5600ஓடு நின்றதற்கு அதுதான் காரணம். பட்டியலில் இருந்தால் ஆன் ஆகும், மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடுமா என்பது விஆர்எம்மையும் உள்ளே காற்று வருவதையும் பொறுத்தது. கோடைக் காலத்தில் நீளமான எக்ஸ்போர்ட் ஓடும்போது அந்தப் பக்கம் கை வைக்க முடியாது, இதுவரை வேகம் குறைந்ததில்லை. மூன்றாம் வருடம் ஒருநாள் பயாஸ் செட்டிங் எல்லாம் அழிந்து, ராம் 2400க்கு இறங்கி, கடிகாரம் பின்னால் போயிருந்தது. ப்ராசஸர் போய்விட்டதோ என்று பயந்தேன், போனது போர்டில் இருந்த சிஆர்2032 பேட்டரி.

போன வாரம் நண்பர் ஒருவர் எச்110 போர்டும் 6ஆம் தலைமுறை ஐ3யும் வைத்துக்கொண்டு என்ன போடலாம் என்று கேட்டார். அந்தப் பட்டியலில் மேலே ஐ7 7700 வரை இருக்கிறது, பயாஸ் மட்டும் ஏற்ற வேண்டும். ஆனால் 7700க்கு விண்டோஸ் 11 ஆதரவு இல்லை, அவருக்கு அலுவலக வேலைக்கு அது வேண்டும். ப்ராசஸருக்குக் காசு போடாதீர்கள், போர்டோடு சேர்த்து மாற்றுகிற வரை பொறுங்கள் என்றேன். அடுத்து என்ன போர்டு பார்த்தாலும் வாங்கும் முன் மாடல் பெயரை அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இருவரும் சேர்ந்து பட்டியலைப் பார்த்துவிடலாம்.