‘மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்’ டைப்பிங் வேலையா? ஓடிபி போடும் முன் படியுங்கள்

“மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு மட்டும். வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி. யூடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை போதும், இன்டர்வியூ இல்லை.” கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்த விளம்பரத்தில் பணம் கேட்க மாட்டார்கள். அதனாலேயே பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். பணம் பறிப்பது கடைசியில்தான்.

முதலில் யூடிஐடி, ஆதார், பான் அட்டைகளின் படம் வாங்குவார்கள். பிறகு ஒரு லிங்க் வரும். ஓடிபி போட்டால் பல பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்தானதாகக் கணக்கு. உள்ளே எங்கோ ஒரு வரி இருக்கும்: துல்லியம் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் ‘சர்வர் கட்டணம்’ கட்ட வேண்டும்.

வேலை என்று வருவது மங்கலான ஸ்கேன் படங்கள். பெயர், முகவரி, நீளமான குறியீட்டு எண்கள். சுழியமா ஆங்கில ஓ-வா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் தெரியாது. ஒரு கமா தப்பினால் அந்தப் படிவம் முழுவதும் தவறு என்று கழித்துவிடுவார்கள். எங்கே பிழை என்று கேட்டால் பட்டியல் தர மாட்டார்கள். யார் அடித்தாலும் தோற்கும்படி அமைத்த வேலை இது.

பார்வையற்ற மாணவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். படத்தில் இருக்கும் எழுத்தை, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ போன்ற ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் நேரடியாக வாசிக்காது. உண்மையாகவே உங்களை வேலைக்கு எடுப்பவர் எந்த ஸ்கிரீன் ரீடர் வைத்திருக்கிறீர்கள், ஃபைல் எந்த வடிவில் வேண்டும் என்று முதலிலேயே கேட்பார். யூடிஐடி எண்ணை மட்டும் கேட்டுவிட்டு இதைக் கேட்காதவருக்கு உங்கள் உழைப்பு தேவையில்லை. ஜிஎஸ்டி எண் காட்டுகிறார்களே என்று மயங்க வேண்டாம். அது வரிப்பதிவு, நாணயத்துக்குச் சான்று இல்லை.

வேலைக்குக் கொடுத்த கெடு முடிந்ததும் ‘வக்கீல்’ பேசுவார். சிங்க முத்திரை போட்ட நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வரும். “இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் எஃப்ஐஆர், அப்புறம் அரசு வேலையே கிடைக்காது.” 4 சதவீத இடஒதுக்கீட்டை நம்பி டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளை இங்கேதான் உடைகிறது. ஒருமுறை கட்டினால் என்ஓசி (தடையில்லாச் சான்று) கட்டணம், ஸ்டாம்ப் கட்டணம் என்று நீளும்.

கட்டாதீர்கள். டைப்பிங்கில் பிழை விடுவது குற்றமல்ல. ஒப்பந்தத்தில் அபராதம் எழுதியிருந்தாலும், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கோர முடியும். அதையும் நீதிமன்றம்தான் தீர்மானிக்கும். ஏமாற்றி வாங்கிய சம்மதத்தை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. 18 வயது நிரம்பாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லவே செல்லாது. எந்த நீதிமன்றமும் யூபிஐ எண்ணோடு சம்மன் அனுப்புவதில்லை.

இதே ஆட்கள் சில நேரம் ‘சம்பளக் கணக்கு’ தொடங்கி ஏடிஎம் கார்டையும் சிம்மையும் அனுப்பச் சொல்வார்கள். இது அதைவிட மோசம். வேறு யாரிடமோ அடித்த பணம் உங்கள் கணக்கில் ஓடும். போலீஸ் உங்களைத்தான் தேடி வரும். கணக்கு முடங்கினால் அதில் வரும் உதவித்தொகையும் நிற்கும்.

‘பேக்லாக் இடம் வாங்கித் தருகிறேன்’ என்பவர் தனி ரகம். நிரம்பாத இடத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்வது நிஜம். ஆனால் அதுவும் அறிவிக்கை வழியாகத்தான் நிரப்பப்படும், புரோக்கர் வழியாக அல்ல. மத்திய அரசின் வேலைவாய்ப்புத் தளமான என்சிஎஸ்ஸிலும் தமிழக அரசின் தனியார் வேலை தளத்திலும் பதிவு இலவசம். கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே என்சிஎஸ் மையம் இருக்கிறது.

பணம் போய்விட்டதா? வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். ஒப்பந்த பிடிஎஃப், அழைத்த எண்கள், யூபிஐ ரசீதில் இருக்கும் 12 இலக்க யூடிஆர் (பரிவர்த்தனை) எண், நேரம், தொகை எல்லாம் எடுத்துக்கொண்டு உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் சொன்னால்தான் நிறுத்திவைக்க வாய்ப்பு. 1930 பேசிப் புகார் சொல்லும் எண் என்பதால், காது கேளாத மாணவர்கள் வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் நீங்களே எழுத்தில் பதியலாம்.