கையில் ஒட்டும் சென்சாரும் விடியற்காலைச் சர்க்கரையும்

ஜிஎஸ்டி குறைந்த செய்தி வந்ததிலிருந்து சொந்தக்காரர்கள் போன் நிற்கவே இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் குளுக்கோமீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அதை வைத்துக்கொண்டு காங்கேயத்து மாப்பிள்ளை, "எல்லாமே விலை எறங்கிருச்சாமுங்க மாமா, புள்ளைக்கும் நீங்க கையில ஒட்டியிருக்கற மாதிரி ஒண்ணு வாங்கிரலாங்களா?" என்று கேட்கிறார். அவர் மகளுக்கு எட்டு வயசு. டைப் 1, அதாவது உடம்பு இன்சுலினே சுரக்காத சர்க்கரை நோய் என்று தெரிந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவர் கேட்பது, விரலில் குத்தாமல் ராப்பகலாகச் சர்க்கரையை அளந்துகொண்டே இருக்கும் சென்சாரை. போனில் அவருக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன்.

14 நாள் ஓடும், கையின் பின்புறம் ஒட்ட வேண்டும், எண் போனில் வரும் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். கம்பெனி பெயரும் சொல்லப் போவதில்லை. இப்போது இருக்கிற கோபத்தில் சொன்னால் நியாயமாக இருக்காது.

நான் இதை வாங்கியது ஒரே ஒரு காரணத்துக்காக. படுக்கும்போது சர்க்கரை 130, எழும்போது 240. கல்லூரிக் காலத்திலிருந்து இன்சுலின் போடுகிறவன் நான், ஊசி தவறியதே இல்லை. இருந்தும் காலையில் இந்த எண் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: ராத்திரி என்ன தின்றாய்? அம்மா தட்டைப் பார்ப்பார். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு ஊற்றிய நெய்யைப் பார்ப்பார். நான் வெறும் ரெண்டு தோசையோடு எழுந்த ராத்திரிக்கும் மறுநாள் 230 வரும். யாரிடம் போய்ச் சொல்வது?

விரலில் குத்திப் பார்ப்பதில் உள்ள சிக்கல் இதுதான். ராத்திரி ஒரு எண், காலையில் ஒரு எண். நடுவில் இருக்கிற எட்டு மணி நேரம் இருட்டு. முதலில் பார்த்த டாக்டர், "நடுராத்திரியில் உங்களுக்குச் சர்க்கரை லோ ஆகுது, அதைச் சரிக்கட்ட உடம்பு ஏத்தி விடுது, இன்சுலினைக் குறைங்க" என்றார். அவர் சொன்னதும் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. சோமோகி என்கிற விஞ்ஞானி 1930-களில் சொன்ன விளக்கம், பல பத்தாண்டுகள் டாக்டர்கள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி முழுக்க அளக்கும் கருவிகள் வந்த பிறகு, ராத்திரி லோ ஆனவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் காலையிலும் எண் கீழேதான் இருக்கிறது என்று தெரிந்தது. அது தெரியாமல் நான் இன்சுலினைக் குறைத்தேன், காலை எண் இன்னும் மேலே போனது.

சென்சார் ஒட்டின முதல் வாரத்திலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. ராத்திரி பதினோரு மணியிலிருந்து மூன்றரை வரைக்கும் போனில் சர்க்கரைக் கோடு சமர்த்தாக 120, 125 என்று போகிறது. நாலு மணிக்கு மேல் யாரோ கையைப் பிடித்துத் தூக்கிவிட்ட மாதிரி ஏறுகிறது. ஆறு மணிக்கு 190. எழுந்து பல் விளக்கி, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, 215. தட்டில் தின்றதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விடியும் நேரத்தில் கார்ட்டிசோல், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் உடம்பை எழுப்பத் தயாராகின்றன, கல்லீரல் சேமித்து வைத்த குளுக்கோஸை ரத்தத்தில் விடுகிறது. இது எல்லோருக்கும் நடக்கிறது. மற்றவர்களுக்குக் கணையம் அந்நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாக இன்சுலின் விட்டுச் சமாளித்துவிடும். நமக்கு அந்த வேலைக்கு ஆள் இல்லை. 'டான் ஃபினாமினன்' (விடியற்காலை ஏற்றம்) என்று இதற்குப் பெயர் வைத்தது 1980-களின் தொடக்கத்தில்தான்.

அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்ப நெய் இல்லீங்களாக்கும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்கே ஐயாயிரத்தை ஒட்டிய விலை கொடுக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. (நெய்யும் சும்மா இல்லை. கல்யாண வீட்டில் ஒப்புட்டும் நெய்யும் சாப்பிட்டால், கோடு உடனே ஏறாமல் நடுராத்திரி ஒரு மணிக்கு மேல் மெதுவாக ஏறும். கொழுப்பு செரிமானத்தைத் தள்ளிப்போடுகிறது. ஏறும் நேரத்தை வைத்தே எது சோறு, எது கல்லீரல் என்று பிரித்துவிடலாம்.)

காரணம் தெரிந்தால் மருந்து உடனே கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ராத்திரி போடும் நீண்ட நேர இன்சுலின் ஏறக்குறைய ஒரே அளவில் வேலை செய்துகொண்டே இருக்கும். அதை ஏற்றினால் காலை ஆறு மணி எண் அழகாக வரும், ஆனால் ரெண்டு மணிக்கு 60-க்குக் கீழே போய் நிற்கும். மூன்றரைக்கு மேல் மட்டும் கூடுதலாக விடு என்று சொல்லிவைக்க, இன்சுலினைத் தானே உடம்பில் விட்டுக்கொண்டிருக்கும் பம்பில்தான் முடியும், பம்ப் விலை லட்சங்களில் போகிறது. இப்போது பார்க்கிற டாக்டர் கோட்டைப் பார்த்து ராத்திரி ஊசியின் நேரத்தைத் தள்ளினார், அளவைத் தொடவில்லை. காலை ஊசியை எழுந்த உடனே போட்டு, இட்லிக்கு இருபது நிமிஷம் காத்திருக்கச் சொன்னார். எண் குறைவாக இருந்தால் காத்திருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். முன்பு நான் திருப்பூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் காலைச் சாப்பாட்டைக் கம்பெனி கேன்டீனுக்குத் தள்ளிவிடுவேன், ஊசியும் அங்கேதான். ஒன்பது மணிக்கு 280 ஆனது அதனால்தான் என்று கோடு காட்டிக்கொடுத்தது. சாப்பிடாமல் இருந்தால் குறையும் என்பது மற்றவர்கள் கணக்கு. இன்சுலின் இல்லாமல் விட்டால் கல்லீரல் ஏற்றிக்கொண்டே போகும். மாப்பிள்ளை, இது என் உடம்புக்குச் சொன்ன கணக்கு, எண்ணிக்கையை அப்படியே புள்ளைக்கு வைத்துப் பார்க்காதீர்கள். வளர்கிற வயசில் இந்த விடியற்காலை ஏற்றம் இன்னும் பலமாக இருக்கும், அவளுடைய டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு சந்தோஷம், வாங்கும்போது நினைத்தே பார்க்காதது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடும் மாதங்களில் முறைத்தண்ணி நமக்கு ராத்திரியில் விழும். மம்பட்டியோடு மடை மாற்றிக்கொண்டே ரெண்டு மணி நேரம் சேற்றில் நடந்தால், சர்க்கரை அப்போது மட்டும் இறங்காது. வந்து படுத்த பிறகும் இறங்கும். சதை தன் கையிருப்பை நிரப்பிக்கொள்ள ரத்தத்திலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். சட்டைப் பையில் போன் அதிர்ந்து 78, அம்புக்குறி கீழே என்று காட்டும்போது வரப்பிலேயே உட்கார்ந்து, பொட்டலத்தில் கட்டி வைத்த சர்க்கரையை மூணு ஸ்பூன் அளவுக்கு வாயில் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் பார்ப்பேன். தனியாக வயலில் நிற்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டேன், இனி என் வயிற்றெரிச்சல்.

இந்தச் சாமான் சரியாகச் சொல்ல வேண்டிய நேரம் ராத்திரி. அது பொய் சொல்வதும் ராத்திரியில்தான். ஒட்டிய கையின் மேல் ஒருக்களித்துப் படுத்தால், சென்சாரைச் சுற்றியுள்ள இடம் நசுங்கி, அங்கே இருக்கும் நீரில் குளுக்கோஸ் குறைந்துவிடும். இது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் நீரை. ரத்தத்துக்கு ஐந்து பத்து நிமிஷம் பின்தங்கித்தான் எப்போதும் வரும், அது பரவாயில்லை. ஆனால் கை நசுங்கினால் 115 இருக்கிற ஆளுக்கு 52 என்று காட்டி ஊரையே எழுப்புகிறது. 55-க்குக் கீழே போனால் வரும் அலாரத்தை அணைக்கவே முடியாதபடி வைத்திருக்கிறார்கள். உயிர் விஷயம், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பகலில் ஒத்துக்கொள்வேன். மூணு இருபதுக்கு ஒத்துக்கொள்ள முடியாது.

கோடை வந்தால் இது உச்சத்துக்குப் போகும். ஏப்ரல், மே மாதங்களில் ஈரோட்டுப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ராத்திரியிலும் ஓட்டுவீட்டுக்குள் படுக்க முடியாது. வாசலில் கயிற்றுக் கட்டில்தான். கட்டிலின் குறுக்குக் கயிறு ஒன்று நேராகச் சென்சார் விளிம்பில் வந்து அழுத்தும். போன் அலறும். பட்டியில் மாடு எழுந்து நிற்கும். வீட்டுக்காரி உள்ளிருந்தே, "ஏனுங்க, அந்தக் கருமத்த மொதல்ல அமத்துங்க" என்பாள். நான் இருட்டில் மீட்டரைத் தேடி விரலைக் குத்துவதற்குள், அம்மா சொம்பு நிறையக் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு வந்து நிற்பார். "குடி கண்ணு, குடி சாமி." மீட்டர் 118 என்கிறது. அம்மாவுக்கு மீட்டரில் நம்பிக்கை இல்லை, அலறுகிற போனில்தான் நம்பிக்கை. எழுபது தாண்டியவரிடம் அந்நேரத்தில் என்ன வழக்காடுவது? ஒரு மடக்கு குடித்தாலே நாலு மணி ஏற்றத்தோடு அதுவும் சேர்ந்து காலையில் 260-ல் கொண்டுபோய் நிறுத்தும். காலைச் சர்க்கரையைக் குறைக்க வாங்கிய சாமான் காலைச் சர்க்கரையை ஏற்றுகிறது, பாருங்கள்.

கை மாற்றிப் பார்த்தேன். வலது பக்கம் ஒட்டினால் தூக்கத்தில் வலது பக்கமே திரும்புகிறேன். தலையணை வைத்துப் பார்த்தேன், விடிகாலையில் தலையணை கீழே கிடக்கிறது.

வியர்வையில் ஒட்டு கழன்று வருவது தனி. மேலே மைக்ரோபோர் என்கிற மருத்துவ டேப்பை ஒட்டினால் ஓரளவு தாங்கும். பாதியில் சென்சார் ஒன்று செத்துப்போனபோது கஸ்டமர் கேரில் அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்ணைக் கேட்டார்கள், அந்தப் பெட்டியை அடுப்புப் பற்றவைக்க எடுத்துவிட்டார்கள் வீட்டில். வேறொன்று வந்தது, இழுத்தடித்துத்தான் வந்தது. பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஊர்க்காரர்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், புள்ளை இதை நிறையக் கேட்கப் போகிறது. கையில் இது தெரிந்தால் போதும், கம்பங்கூழ் குடி, ஆவாரம்பூ போடு, ஊசியை விட்டுடு என்று பஸ்ஸில் ஆரம்பித்துவிடுவார்கள். கம்பங்கூழை நானும் குடிக்கிறேன், அதற்கும் கோடு ஏறத்தான் செய்கிறது. டைப் 1-க்கு இன்சுலினை நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் ஏறி ஆஸ்பத்திரிதான், உயிரே போகலாம். இதில் மட்டும் யாருக்கும் மரியாதை பார்க்காதீர்கள், மாப்பிள்ளை.

சரி, வாங்கலாமா? எட்டு வயசுப் புள்ளைக்கு ராத்திரி இறங்கினால் எழுந்து சொல்லத் தெரியாது. டாக்டர் வாங்கச் சொன்னால் விலையைப் பார்க்காமல் வாங்குங்கள். ஒன்றை ஒட்டி ரெண்டு வாரம் ராத்திரிக் கோட்டைப் பார்த்து அவரிடம் காட்டினாலே பாதிச் சண்டை வீட்டில் ஓய்ந்துவிடும். மூணு மணிக்கு எழுந்து விரலில் குத்திப் பார்த்தாலும் அந்த நேரத்து எண் தெரியும், ஸ்ட்ரிப்புக்கு வரியும் குறைந்திருக்கிறது, ஆனால் தினம் எழுந்திருக்க யாரால் முடியும்? சென்சார் 50 என்று காட்டி, புள்ளை நல்லாத் தெளிவாக இருந்தால், சர்க்கரைத் தண்ணிக்கு முன்னால் ஒரு முறை விரலில் பார்த்துவிடுங்கள். மீட்டர் பக்கத்தில் இல்லை, புள்ளை சோர்ந்திருக்கிறது என்றால் யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் அஞ்சுக்கு ரெண்டு நட்சத்திரம். நேற்றும் மூணு இருபதுக்கு எழுப்பிவிட்டது, அதற்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை. இப்போது ஒட்டியிருப்பது வியாழக்கிழமையோடு முடிகிறது. பெருந்துறை மெடிக்கலில் அடுத்ததுக்குச் சொல்லிவைத்துவிட்டேன், மாப்பிள்ளைக்கும் வேண்டுமானால் சேர்த்தே எடுத்துவரலாம்.