சின்ன எஞ்சினை முன்னே விடும் குழு

மோட்டார் சைக்கிள் பயணக் குழு ஒன்றில் சேரலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தக் குழுவில் ஆகச் சின்ன எஞ்சின் எந்த இடத்தில் ஓடுகிறது? எல்லோருக்கும் பின்னால் புழுதி குடித்துக்கொண்டு வருகிறது என்றால் சேர வேண்டாம். முன்னே போகும் வழிகாட்டிக்கு அடுத்ததாக ஓடுகிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். ஜேர்சி, ஸ்டிக்கர், தலைவர், செயலாளர் எல்லாம் பிறகு பார்க்க வேண்டியவை.

நான் இருக்கும் குழு யாழ்ப்பாணத்தில் முளைத்தது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும், 2006 ஆகஸ்டில் மூடப்பட்ட ஏ9 வீதி, போர் முடிந்த பின் 2009இன் கடைசியில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்கடுத்த வருடங்களில், கிளிநொச்சி வரை போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று கிளம்பிய நாலைந்து பேர் வளர்ந்து இப்போது ஒரு கூட்டமாகியிருக்கிறோம். ஆசிரியர்கள், கடைக்காரர்கள், வங்கியில் வேலை செய்பவர்கள், கராஜ் வைத்திருக்கும் ஒருவர், ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் என்று கலந்த கூட்டம்.

எங்களில் மூத்தவர்கள் மோட்டார் சைக்கிள் பழகியது பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில். கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, எஞ்சின் பற்றிக்கொண்டதும் மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். ஒழுங்கை முழுக்கப் புகை. எந்தப் பக்கம் போனாலும் சற்று நேரத்தில் கடல் வரும், இல்லையென்றால் காவலரண் வரும். அப்படி வளர்ந்தவர்களுக்கு, இரண்டு மூன்று மணித்தியாலம் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கலாம் என்பதே பெரிய புதினமாக இருந்தது. ஆரம்பத்தில் ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியில் இறங்கிப் பதிந்துவிட்டுத்தான் போனோம். அதையும் ஒரு தேநீர்த் தரிப்பாக எடுத்துக்கொண்டோம். தெற்கிலிருந்து வரும் பயணக் குழுக்காரர்கள் வடக்கு அந்தத்தில் பருத்தித்துறையில் தொடங்கித் தெற்கு அந்தத்தில் தெய்வேந்திரமுனை வரை ஓடுவதைச் சாதனையாகச் சொல்வார்கள். எங்களுக்குக் குடாநாட்டின் வாசலான ஆனையிறவைத் தடையின்றித் தாண்டுவதே அந்த நாளில் போதுமானதாக இருந்தது.

ஓட்டத்தின் ஒழுங்கு இது. பாதை தெரிந்த ஒருவர் முன்னே. அவருக்குப் பின்னால் ஆகக் குறைந்த சக்தியுள்ள மோட்டார் சைக்கிள். பிறகு மற்றவர்கள், ஒருவர் பாதையின் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம் என்று மாறி மாறி, இரண்டு விநாடி இடைவெளி விட்டு. கடைசியில் கராஜ்காரர், திருத்தும் கருவிப் பெட்டியோடு. அவருக்குப் பின்னால் எங்களில் யாரும் இருக்கக் கூடாது. சின்ன எஞ்சின் முன்னே இருப்பதால் முழுக் கூட்டமும் அதன் மூச்சுக்கு ஏற்பவே ஓடும். மோட்டார் சைக்கிளுக்கு ஊருக்கு வெளியே சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். நாங்கள் பெரும்பாலும் 55க்கும் 60க்கும் இடையில். பெற்றோல் நிரப்பும் இடமும் ஆகச் சிறிய தாங்கியைப் பார்த்தே தீர்மானிக்கப்படும். பெரிய எஞ்சின்காரர்களுக்குத் தொடக்கத்தில் இது எரிச்சலாக இருக்கும். இரண்டாவது பயணத்தில் பழகிவிடுவார்கள், அல்லது மூன்றாவது பயணத்துக்கு வரமாட்டார்கள்.

ஏ9இல் தெற்கு நோக்கிய ஓட்டம் எதுவானாலும் முதல் தரிப்பு முறிகண்டிப் பிள்ளையார் கோயில். அவ்வழியால் போகும் பஸ்காரர், லொறிக்காரர் எல்லோரும் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் நகர்வார்கள். எங்களில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள், கடவுளே இல்லை என்று வாதாடும் ஒருவரும் இருக்கிறார். அவரும் இறங்குவார். வறுத்த கச்சான் பைகள் வாங்காமல் முறிகண்டியைத் தாண்டுவது அவருடைய கொள்கைக்கும் ஒத்துவராது.

எனக்குப் பிடித்தது ஏ9 அல்ல, ஏ32. சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட பிறகு பூநகரி, முழங்காவில், இலுப்பைக்கடவை வழியாக மன்னார் போவது எங்களுக்கு வாடிக்கையாகிவிட்டது. வாகனம் குறைவு, கடைகளும் குறைவு. அங்கே ஒரு நண்பகலில் எங்கள் ஆசிரியை ஒருவரின் ஸ்கூட்டியில் பின்சில்லுக் காற்றுப் போய்விட்டது. கராஜ்காரர் தன் சேர்ட்டைக் கழற்றி நிலத்தில் விரித்து, கழற்றிய ஒவ்வொரு நட்டையும் வந்த வரிசையிலேயே அதன்மேல் அடுக்கினார். துளையைத் தேடத் தண்ணீர்ப் பாத்திரம் இல்லை. காற்றடித்த ரியூப்பைக் கன்னத்துக்கருகில் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சுழற்றினார். ஓரிடத்தில் நிறுத்தி, அந்த இடத்தில் எச்சில் தொட்டு வைத்தார். குமிழி வந்தது. உரசி, சொலூஷன் பூசி, அது காயும்வரை ஒருவரையும் தொட விடவில்லை. ஒட்டி முடித்த பிறகும் ரியூப்பை உள்ளே போடாமல் ரயரின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். கருவேல முள் ஒன்று அங்கேயே குத்திக்கொண்டு நின்றது. அதை எடுக்காமல் மாட்டியிருந்தால் அடுத்த கிலோமீற்றரில் மறுபடி நின்றிருப்போம். குழுச் சந்தாவால் எனக்கு என்ன இலாபம் என்று யாராவது கேட்டால் இந்த விரலைத்தான் சொல்வேன்.

மலைநாட்டில் வேறு பாடம். குடாநாட்டில் பிறந்தவனுக்கு ஏற்றம் என்றால் பாலத்து ஏற்றம்தான். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்க வேண்டும் என்பதும், இறக்கத்தில் பிறேக்கை நம்பாமல் எஞ்சினைக் கொண்டே வேகத்தைப் பிடிக்க வேண்டும் என்பதும் யாழ்ப்பாண வீதி எதுவும் கற்றுத்தராத விடயங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மேலே காற்று அடர்த்தி குறைவு என்பதால் கார்பரேற்றர் வைத்த பழைய எஞ்சின்களில் பெற்றோல் கலவை கூடிப்போகும். எஞ்சின் திக்கும், பிளக் கறுக்கும். றம்பொடைப் பக்கம் இறங்கும்போது மனைவியையும் பொதியையும் ஏற்றி வந்த உறுப்பினர் ஒருவரின் பின்பிறேக் கருகல் மணம் வீசத் தொடங்கியது. அவர் ஓரமாக நிறுத்தித் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். "அண்ணை, ஊற்ற வேண்டாம்" என்று பின்னாலிருந்து கராஜ்காரர் கத்தினார். கொதிக்கும் இரும்பில் சட்டென்று குளிர் பட்டால் வெடிப்பு விழலாம், கோணலாகலாம். அதைத் தானாக ஆறவிட வேண்டும். ஆறும்வரை அக்கா எங்கள் எல்லோருக்கும் புட்டுப் பொதி பிரித்துத் தந்தார். மலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். அவசரப்பட்டவர் யாரும் இல்லை. வேகக் குழு ஒன்றாக இருந்தால் அந்த இருவரையும் அங்கே விட்டுவிட்டுக் கண்டியில் சந்திப்போம் என்று போயிருப்பார்கள்.

சூரியன் விழுந்த பிறகு ஓடுவதில்லை என்பது எழுதாத சட்டம். ஹபரணைப் பக்கம் யானை. வன்னியிலும் யானை உண்டு, ஆனால் அதைவிடப் பயம் கட்டாக்காலி மாடுகள்தான். பகல் வெயிலில் சூடேறிய தார் இரவிலும் இளஞ்சூடாக இருக்கும், மாடுகள் அதில் வந்து படுத்துவிடும். கறுப்பு மாடு, கறுப்பு வீதி. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஊருக்குள் இருக்கும் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பத்து மோட்டார் சைக்கிள்கள் ஒன்றாக ஓர் ஒழுங்கைக்குள் நுழைந்தால் சனம் படலையைச் சாத்தும். மோட்டார் சைக்கிளில் வரும் கும்பல்களின் வாள்வெட்டுச் செய்திகள் பத்திரிகையை நிறைத்த வருடங்களில் எங்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார்கள். பொலிஸார் மறித்துப் பத்திரங்களைப் பார்ப்பது வழக்கமானது. அதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது, பயந்தவர்களுக்குப் பயப்படக் காரணம் இருந்தது. நாங்கள் செய்தது சின்னச் சின்ன மாற்றங்கள். கூடும் இடம் ஒழுங்கைச் சந்தியாக இல்லாமல் பிரதான வீதியில், வெளிச்சத்தில். இலக்கத்தகட்டை மறைக்கும் எதுவும் கூடாது. சத்தம் போடும் சைலென்சர் பூட்டியவர் அதைக் கழற்றிய பிறகு வரலாம். ஓய்வுபெற்ற ஐயாவை முன்னே விடுவோம். நரைத்த மீசையும் நூறு சிசி வண்டியும் முன்னே வந்தால் சனம் கையசைக்கிறது.

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டால் குழு கலைந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்தோம். அந்த ஜூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் வாங்கும் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் வண்டி என்றாலும் மொத்தம் 200. வவுனியா போய்வரவே ஏறத்தாழ 280 கிலோமீற்றர் வேண்டும். பெரிய எஞ்சின்கள் கிளிநொச்சிக்குப் போனால் திரும்பி வராது. சேர்ந்த பெற்றோலை மருத்துவமனைக்கும் வேலைக்கும் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் தீவுப் பக்கம் போனோம். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதியில் சோளகக் காற்றை எதிர்த்து மிதித்தவர்களுக்குத் தெரியும், எஞ்சின் எவ்வளவு பெரிய வரம் என்று. அந்தக் காலத்தில் ஆகப் பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்தான் ஆக முதலில் களைத்தார். அதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. இடையில் பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போனது. புதிதாகச் சேர்ந்தவர்கள் தந்தையார் ஓடிய வண்டியைத் திருத்திக்கொண்டு வந்தார்கள். எங்களுக்கு அது நல்லதாகவே முடிந்தது. கையால் எதையும் தொடாதவர்கள்கூட வால்வு இடைவெளி பார்க்கவும் கேபிளுக்கு எண்ணெய் விடவும் பழகினார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. வாட்ஸ்அப் குழு ஒரு தொல்லை. காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே பயண நேரம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். படம் எடுப்பதற்கென்றே நிற்கும் தரிப்புகள் கூடிவிட்டன. சந்தாக் கணக்குப் பற்றிய சண்டை ஆண்டுக்கொருமுறை திருவிழாப் போல வரும். ஒருமுறை வேகம் பற்றிய வாக்குவாதம் முற்றி இளையவர்கள் சிலர் தனிக்குழு தொடங்கினார்கள். எனக்கு அதில் கவலை இல்லை, அவர்கள் வேகமாக ஓட விரும்பினார்கள், அதற்கு நாங்கள் சரியான இடமல்ல. பெண் உறுப்பினர்கள் குறைவு என்பதே உண்மையான குறை. நகரத்தில் எந்த வீதியைப் பார்த்தாலும் ஸ்கூட்டியில் பெண்கள் போகிறார்கள். நீண்ட பயணம் என்றதும் வீட்டார் மறிக்கிறார்கள். தரிப்புகளில் நல்ல கழிப்பறை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைக்கும் பழக்கம் எங்களுக்கு அந்த ஆசிரியை வந்த பிறகுதான் உண்டானது. அதற்கு முன்பே நாங்கள் யோசித்திருக்கலாம்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடா, இலண்டன், சுவிஸிலிருந்து பழைய உறுப்பினர்கள் வருவார்கள். கொளுத்தும் வெயிலில் தோல் ஜாக்கெட், இரண்டு கிழமை விடுமுறை, அதற்குள் முழு இலங்கையும் சுற்ற வேண்டும். அவர்களை மன்னார் வரை கூட்டிப்போய்ப் பெருக்க மரத்தடியில் இருத்திக் குளிர்பானம் கொடுத்தால் மறுநாள் திட்டம் பாதியாகிவிடும்.

செலவு என்று பார்த்தால் சந்தா பெரிதல்ல. ரயர், செயின், பிறேக் கட்டைகள்தான் காசைத் தின்னும். அதிலும் தீவுப் பக்கம் அடிக்கடி ஓடினால் உப்புக்காற்று செயினை ஒரு வழி பண்ணிவிடும். பண்ணைப் பாலத்தைத் தாண்டி வந்த அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் காலையில் செம்பழுப்பு நிறத்தில் அது உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். நேரமும் போகும். மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டில் இருக்கமாட்டீர்கள், கலியாண வீடுகள் தவறும், மாமனார் முகம் கொடுக்கமாட்டார்.

தனிமையில் ஓட விரும்புபவர், வேகமானியைப் படம் எடுப்பவர், காத்திருக்கத் தெரியாதவர் இந்தப் பக்கம் வர வேண்டியதில்லை. மற்றவர்கள் முதலில் ஊர்காவற்றுறை வரை ஓர் அரைநாள் ஓட்டத்துக்கு விருந்தாளியாக வந்து பாருங்கள். சந்தாவைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். என்ன மோட்டார் சைக்கிள் என்று யாரும் கேட்கமாட்டார்கள், அது ஆகச் சின்னதா என்று மட்டும் கேட்பார்கள். ஆமென்றால் உங்கள் இடம் இரண்டாவது.