பிளே-ஆஃப் இரவுக்கு வாடகை புரொஜெக்டர் செட்: பெரம்பூர் கடை எப்படி?

கால்பந்து உலகக் கோப்பையின் கடைசி இடங்களைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃபை மொட்டை மாடியிலோ கிளப் ஹாலிலோ பெரிய திரையில் போட நினைக்கும் வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் பசங்களுக்காக இதை எழுதுகிறோம். பந்தல், சேர், மைக்செட்டோடு புரொஜெக்டரும் வாடகைக்கு விடும் பெரம்பூர் கடை ஒன்றின் செட் இது. 4,500 ரூபாய்க்கு 3,600 லூமென்ஸ் வெளிச்சமுள்ள புரொஜெக்டர், ஸ்டாண்டோடு 120 இன்ச் திரை, இரண்டு ஸ்பீக்கர், 10 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள், கட்டிக் கொடுக்க ஒரு ஆள். அட்வான்ஸ் 5,000. சாமான்கள் தரமானவை. ஆனால் இந்த வாடகை 4 மணி நேரத்துக்குத்தான்; அந்தக் கணக்கு பிளே-ஆஃபுக்கு ஆகாது. முதலில் அதைப் பேசி முடித்துவிடுங்கள்.

லீக் ஆட்டம் என்றால் இரண்டு மணி நேரத்தில் ஜோலி முடிந்தது. ஐரோப்பிய பிளே-ஆஃப் அப்படியில்லை. 2022 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து இது ஒரே ஆட்டம். பதில் ஆட்டம் கிடையாது. சமனில் நின்றால் எக்ஸ்ட்ரா டைம், அதிலும் முடியாவிட்டால் பெனால்டி. 2024 யூரோவுக்கான (ஐரோப்பியக் கோப்பை) பிளே-ஆஃப் இறுதிகள் மூன்றில் இரண்டு பெனால்டி வரை போயின: ஜார்ஜியா கிரீஸை 4-2, போலந்து வேல்ஸை 5-4. 2022 மார்ச்சில் செக் குடியரசுக்கு எதிராக ஸ்வீடன் கோல் போட்டதே 110-வது நிமிடத்தில்தான்.

இப்போது கணக்குப் போடுங்கள். நம் நேரம் 1:15-க்குத் தொடங்கும் ஆட்டத்தின் 90 நிமிடம் முடிய ஏறத்தாழ 3:10. எக்ஸ்ட்ரா டைம் முடிய 3:45. பெனால்டி முடியும்போது 4 மணி ஆகிவிடும். கடையோ, சாமான் வந்து இறங்கிய நிமிடத்திலிருந்து மணியை எண்ணுகிறது. 11:30-க்கு இறக்கினால் 3:30-க்கு நேரம் முடிந்தது, அதாவது எக்ஸ்ட்ரா டைமின் நடுவில். அதற்குமேல் ஒவ்வொரு மணிக்கும் 500 ரூபாய். பணம்கூடப் பெரிதில்லை; கட்ட வந்த ஆள் அடுத்த இடத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று ஒயரைச் சுற்ற ஆரம்பிப்பதுதான் வேதனை. கேட்டால் 6,000 ரூபாய்க்கு முழு இரவு வாடகையும் தருகிறார்கள். அதை எடுங்கள். ரசீதில் 'ஆட்டம் முடியும் வரை' என்று எழுதி வாங்குங்கள்.

தேதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2026-க்கான ஐரோப்பிய பிளே-ஆஃப் அரையிறுதிகள் மார்ச் 26, இறுதிகள் மார்ச் 31. 16 அணிகள், 4 பாதைகள், கடைசியில் 4 அணிகளுக்கு மட்டும் இடம். பெரும்பாலான ஆட்டங்கள் மத்திய ஐரோப்பிய நேரம் இரவு 8:45-க்கு. நமக்கு அது மறுநாள் தேதி. அதோடு, மார்ச் 29 ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள். அதனால் அரையிறுதி மார்ச் 27 வெள்ளி விடியற்காலை 1:15. இறுதியோ ஏப்ரல் 1 புதன் நள்ளிரவு 12:15. கடைக்காரரிடம் 'மார்ச் 31 ராத்திரி' என்று மட்டும் சொன்னால், போன வாரத்து நினைப்பில் 12:30-க்கு வண்டி வரும். அதற்குள் கால் மணி நேர ஆட்டம் போயிருக்கும்.

மெக்சிகோவில் நடக்கும் கண்டங்களுக்கு இடையிலான பிளே-ஆஃபுக்கு இந்த செட்டை நம்ப வேண்டாம். ஆட்டம் நடக்கும் மான்டெர்ரே நகரம் நம்மைவிடப் பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே இரவு 8 மணி என்றால் இங்கே காலை 7:30. வெயில் ஏறிய மாடியில் எந்த புரொஜெக்டரும் எடுபடாது. அதற்கு டிவிதான் சரி.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 120 இன்ச் திரை என்பது 8.7 அடி அகலம், 4.9 அடி உயரம். 40 பேர் தாராளமாகப் பார்க்கலாம். புரொஜெக்டரைத் திரையிலிருந்து 13 அடி தள்ளி வைத்தால் படம் சரியாக நிரம்புகிறது. கட்ட வருகிற ஆள் அதைத் தரையில் வைத்து முகத்தை மேலே தூக்கிவிட்டு, கோணலை கீஸ்டோன் என்ற செட்டிங்கில் சரி செய்துவிடுவார். அப்படிச் செய்ய விடாதீர்கள். கீஸ்டோன் படத்தைச் சுருக்கித்தான் நேராக்குகிறது, கூர்மை போய்விடும். மேடான கேமராவில் மொத்த மைதானமும் தெரியும்போது பந்து ஒரு கடுகளவுதான். கூர்மை குறைந்தால் டச் லைன் ஓரம் பந்து வரும்போது வெள்ளைக் கோட்டோடு கலந்து காணாமல் போகும். ஒரு மேசையைப் போட்டு உயர்த்தி, நேராக அடியுங்கள். வெளிச்சத்தைக் குறைக்கும் ஈகோ மோடையும் அணைத்துவிடுங்கள். தெருவிளக்கு வெளிச்சம் நேரே திரையில் விழாதபடி திரையைத் திருப்புங்கள். இதே விலைக்குச் சில இடங்களில் '8,000 லூமென்ஸ்' என்று தரும் கைக்கடக்கமான எல்இடி பெட்டிகளில் ஆன்சி லூமென்ஸ், அதாவது தர முறைப்படி அளந்த உண்மையான வெளிச்சம், சில நூறுதான் இருக்கும். ஆன்சி எவ்வளவு என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது கறுப்புத் திரையில். சத்தம் வரும், படம் வராது. எச்டிஎம்ஐயைப் பழைய விஜிஏ இணைப்புக்கு மாற்ற செட்டோடு தரும் கன்வெர்ட்டர்தான் காரணம். ஸ்ட்ரீமிங் ஆப்கள் திருட்டுப் பதிவைத் தடுக்கப் பூட்டு போட்டிருக்கின்றன. அந்தப் பூட்டுக்கு பதில் சொல்ல விஜிஏ வழியாக ஆகாது. போன் திரையை மிரர் செய்யும்போதும் பல ஆப்களில் இதே கதைதான். எச்டிஎம்ஐயிலிருந்து எச்டிஎம்ஐக்கே போங்கள். டிவி ஸ்டிக் போட்டால் புரொஜெக்டரின் யூஎஸ்பியிலிருந்து கரண்ட் எடுக்காதீர்கள். அது போதாமல் ஸ்டிக் அணைந்து அணைந்து எரியும். அதனோடு வந்த அடாப்டரையே செருகுங்கள். நெட்டில் ஓடும் படம் அரை நிமிடம் வரை பின்தங்கலாம். பெனால்டி நேரத்தில் எல்லோர் போனிலும் ஸ்கோர் நோட்டிஃபிகேஷனை அணைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உதைப்பவர் பந்தை வைக்கும்போதே பின்வரிசையில் கூச்சல் கிளம்பிவிடும்.

கரண்ட் விஷயத்தில் கடை கைவிரித்துவிடுகிறது; யூபிஎஸ் தருவதில்லை. இது பல்ப் வகை புரொஜெக்டர். சூட்டோடு அணைந்தால் ஆறும்வரை திரும்ப எரியாது. சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். 2022-ல் பலெர்மோவில் வடக்கு மாசிடோனியா இத்தாலியை வெளியேற்றிய கோல் 92-வது நிமிடத்தில் வந்தது. அந்த நேரத்தில் ஐந்து நிமிடம் இருட்டில் நிற்பதை யாரும் மன்னிக்க மாட்டார்கள். 150 ஏஹெச் பேட்டரியுள்ள வீட்டு இன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருந்தால் 300 வாட் புரொஜெக்டரை மூன்று மணி நேரமாவது இழுக்கும். ரௌட்டரையும் அதிலேயே போடுங்கள்.

ஸ்பீக்கர்கள் மாடிக்கு வேண்டாம். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய ஹாலில் குறைத்து வைக்கலாம். மாடி என்றால் ஸ்பீக்கரை விட்டுவிட்டு வாடகையில் 500 குறைக்கச் சொல்லுங்கள், குறைக்கிறார்கள். மாடியில் காற்றில் திரை பாய்மரம் மாதிரி உப்பும், ஸ்டாண்டோடு சாயும். இரண்டு கால்களுக்கும் மணல் மூட்டை, மேல் முனைகள் இரண்டிலும் கைப்பிடிச் சுவருக்கு இழுத்துக் கட்டிய கயிறு, இவை கட்டாயம். இவற்றைக் கடை தராது. லென்ஸ் முன்னால் பூச்சி மொய்க்கும். ஹாஃப் டைமில் மெல்லிய துணியால் லேசாகத் துடைத்துவிடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்க வேண்டாம். ரிமோட்டில் அணைத்து, உள்ளே ஃபேன் நிற்கும்வரை விடுங்கள். பல்ப் போனால் அட்வான்ஸில்தான் பிடிப்பார்கள். வண்டியில் ஏற்றும் முன் கட்ட வந்த ஆள் எதிரில் ஒருமுறை ஆன் செய்து காட்டி, ரசீதில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.