இரண்டு நண்பர்கள், இரண்டு சாப்பாட்டு மேசைகள்

ஹான்ஸ் வெக்னரும் போர்கெ மோகென்சனும் டென்மார்க்கின் மரச்சாமான் வடிவமைப்பாளர்கள்; 1914 ஏப்ரலில், பதினோரு நாள் வித்தியாசத்தில் பிறந்தவர்கள். கோபன்ஹேகனில் படிக்கும்போது நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். 1944இல் மோகென்சனின் மகனுக்குப் பரிசு வாங்கப் போனால், போர்க்காலம், கடையில் உருப்படியாக எதுவும் இல்லை. வெக்னரே ஒரு குட்டி நாற்காலி செய்துவிட்டார். ஆணி, திருகாணி எதுவும் கிடையாது. பலகைகளை ஒன்றுக்குள் ஒன்று சொருகினால் நாற்காலி.

இத்தனை ஒட்டுதல் இருந்தும் மேசை என்று வந்தால் இருவரும் வேறு வேறு வழி.

மோகென்சன் 1942 முதல் 1950 வரை டென்மார்க் கூட்டுறவுக் கடைகளின் மரச்சாமான் பிரிவுக்குத் தலைவர். சாதாரணக் குடும்பம் வாங்குகிற விலையில் நல்ல சாமான், அதுதான் வேலை. அவர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவினர் செய்த எளிய மேசைகளை. ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் நீண்ட மேசைகள் அவை. 1947இல் வந்த அவருடைய ஜே39 நாற்காலியும் இதே சிந்தனைதான்: வெறும் மரச்சட்டம், காகிதக் கயிற்றில் பின்னிய இருக்கை. அதற்கு ஜோடியான சி18 மேசையிலும் அலங்காரம் என்று ஒரு கோடுகூட இல்லை.

வெக்னர் தச்சுப் பட்டறையில் தொழில் பழகியவர். 1962இல் வரைந்த சிஎச்327 மேசையில் அது தெரியும். பலகைகளை அடுத்தடுத்து ஒட்டிய மேற்பரப்பில் ஒவ்வொன்றின் ரேகையும் தனித்தனியாக ஓடுகிறது. கார்ல் ஹான்சன் நிறுவனம் 190, 248 செ.மீ. நீளங்களில் செய்கிறது. விலையைக் கேட்டால் கொஞ்சம் உட்கார வேண்டியிருக்கும். மரத்தைத் தடவிப் பார்த்தே சந்தோஷப்படுகிறவர்களுக்கு இது. தினமும் குழந்தைகள் பருப்பு சிந்தும் வீட்டுக்கு என் ஓட்டு மோகென்சனுக்குத்தான்.

மூன்றாவதாக ஒருவரையும் சொல்ல வேண்டும். பின்லாந்தின் ஆல்வர் ஆல்டோ 1930களில் பிர்ச் மரக் காலின் நுனியை ரேகையோடு கீறி, இடுக்குகளில் மெல்லிய மரத்தாள்களைப் பசையிட்டுச் செருகி, எல் வடிவில் வளைத்தார். அந்தக் கால் அற்புதம். ஆனால் அவர் மேசைகளின் மேற்பரப்பு பெரும்பாலும் லினோலியம் என்ற விரிப்போ லேமினேட் என்ற ஒட்டுத்தகடோதான். முழுமரம் தேடுகிறவர் இங்கேயே விலகிக்கொள்ளலாம்.

சரி, இத்தகைய மேசைகளுக்குப் பயன்படும் ஓக் மரத்தில் ஒரு தொல்லை உண்டு. ஈரமான இரும்பு வாணலியை ஓர் இரவு வைத்தால் காலையில் கருநீல வளையம். ஓக்கில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதுதான் காரணம். கடுக்காயோடு இரும்பு சேர்த்து மை காய்ச்சுகிற அதே ரசாயனம். சோப்பு நீரோ எண்ணெயோ மட்டும் பூசிய மேசை என்றால், கறை ஆழமாக இறங்காதவரை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பூசிவிடலாம். கனமான வார்னிஷ் பூசியதில் அந்த வசதி இல்லை.

இவர்கள் பாணியில் யார் செய்த மேசையை வாங்கினாலும், முதலில் அடியில் குனிந்து பாருங்கள். முழுமரப் பலகை ஈரக் காற்றில் அகலத்தில் விரியும், வறண்ட காற்றில் சுருங்கும். பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் திருகாணித் துளைகள் ரேகைக்குக் குறுக்காக நீண்டிருந்தால், செய்தவருக்கு அது தெரியும். வட்டத் துளையில் இறுக்கி முடுக்கியிருந்தால் பலகை ஒருநாள் வெடிக்கக்கூடும்.