ரோவன் ஓக்: ஃபாக்னர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மெம்ஃபிஸிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். ஐ-55 நெடுஞ்சாலையில் தெற்கே பேட்ஸ்வில் வரை போய்க் கிழக்கே திரும்பினால் ஆக்ஸ்ஃபோர்டு வந்துவிடும். மிசிசிப்பி மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டு. அங்கே ஓல்ட் டெய்லர் ரோடில் 916ஆம் எண் வீடுதான் ரோவன் ஓக். அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னர் 1930இல் வாங்கி, 1962இல் சாகும்வரை தன் வீடாக வைத்திருந்த இடம். இப்போது மிசிசிப்பி பல்கலைக்கழகம் அதை அருங்காட்சியகமாகப் பராமரிக்கிறது. நான் போனபோது நுழைவுக் கட்டணம் 5 டாலர். திங்கட்கிழமை மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள்.

எழுத்தாளர்களின் வீடுகளைத் தேடிப் போய்ப் பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை. புத்தகம் கையில் இருக்கும்போது அவர் படுத்த கட்டிலையும் போட்ட கண்ணாடியையும் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவள். இந்த வீட்டுக்குப் போய் வந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், நான் அவரைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து சொல்ல வேண்டும்.

மெம்ஃபிஸில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு நைட் ஷிஃப்ட். மாலை ஏழு மணிக்குப் போனால் காலை ஏழுக்குத்தான் வெளியே வருவேன். இரவு இரண்டு மணிக்கு மேல் எமர்ஜென்சியிலிருந்து வரும் டியூப்கள் குறையும். அந்த இரண்டு மணி நேரத்தில் படிப்பேன். அப்படித்தான் 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி' நாவலைத் தொட்டேன். மூன்று முறை தொடங்கினேன், மூன்று முறையும் பத்துப் பதினைந்து பக்கத்தில் கீழே வைத்துவிட்டேன். முதல் பகுதியைச் சொல்பவன் பெஞ்சி. 33 வயது, பேச்சு வராது, மனவளர்ச்சி இல்லை. அவனுக்கு நேற்றும் இன்றும் ஒன்று. வேலியில் சட்டை மாட்டிக்கொண்டால், இதேபோல் மாட்டிக்கொண்ட சிறுவயது நாளுக்கே போய்விடுவான். அந்தத் தாவலை நான் பிடிக்க முடியவில்லை. எனக்குத்தான் இங்கிலீஷ் போதவில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

தவறு என்னிடம் இல்லை என்று கண்டுபிடித்தவர் என்னோடு வேலை செய்யும் ஒரு கறுப்பின அக்கா. அறுபதைத் தாண்டியவர், மிசிசிப்பியில் பிறந்து வளர்ந்தவர். என் ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் சாய்வெழுத்தே இல்லையே" என்றார். 1929இல் வந்த நாவல் என்பதால் 2025 ஜனவரி 1ஆம் தேதியோடு அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் மின்னூல் போடலாம். நான் வாங்கிய மலிவுப் பதிப்பில் சாய்வெழுத்து முழுவதையும் நேர் எழுத்தாக்கி வைத்திருந்தார்கள். பெஞ்சியின் மனம் காலம் மாறும் இடத்தை வாசகருக்குக் காட்டும் முக்கியமான அடையாளமே அந்தச் சாய்வெழுத்துதான். அதை எடுத்துவிட்டால் வீட்டின் படிக்கட்டை எடுத்த மாதிரி.

இதே தவறு 1929இலேயே நடக்க இருந்தது என்று பிறகு தெரிந்தது. பென் வாசன் என்ற ஃபாக்னரின் நண்பர், அச்சுக்குப் போகும் முன் சாய்வெழுத்தை நீக்கிவிட்டு வரிகளுக்கிடையே வெற்றிடம் விட்டுப் பார்த்தார். ஃபாக்னர் கோபமாகக் கடிதம் எழுதி, எல்லாவற்றையும் பழையபடி ஆக்க வைத்தார். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நிற மையில் அச்சிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அன்று அது நடக்கவில்லை. 2012இல் ஃபோலியோ சொசைட்டி என்ற பதிப்பகம் 14 நிறங்களில் ஒரு சிறப்புப் பதிப்பு போட்டது. நான் நூலகத்தில் சாதாரணக் காகிதப் பதிப்பை எடுத்து நான்காவது முறை தொடங்கினேன். பாட்டி செத்த அன்று, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க மரத்தில் ஏறும் பெஞ்சியின் அக்கா கேடி, கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் சகோதரர்கள், சேறு படிந்த அவள் உள்ளாடை. அந்த ஒரு காட்சியிலிருந்துதான் நாவல் முழுவதும் முளைத்தது என்று ஃபாக்னரே சொல்லியிருக்கிறார். விடிகாலை மூன்றரை மணிக்கு அந்த இடம் எனக்குப் புரிந்தபோது, வந்த டியூபைக் கூட ஒரு நிமிஷம் கவனிக்கவில்லை.

அடுத்து 'ஆஸ் ஐ லே டையிங்'. இதில் எனக்கு ஒரு தனி உரிமை உண்டு என்றே நினைக்கிறேன், இதுவும் நைட் ஷிஃப்டில் பிறந்த நாவல். நியூயார்க் பங்குச் சந்தை நொறுங்கத் தொடங்கிய மறுநாள், 1929 அக்டோபர் 25 அன்று, கையெழுத்துப் பிரதியைத் தொடங்கி டிசம்பர் 11 அன்று முடித்தார். அப்போது அவர் பல்கலைக்கழக மின்நிலையத்தில் இரவு வேலை பார்த்தார். தள்ளுவண்டியைக் கவிழ்த்து மேஜையாக்கிக்கொண்டு, பக்கத்தில் டைனமோ உறும, நள்ளிரவிலிருந்து நான்கு மணிவரை எழுதியதாக அவரே சொன்னார். ஒரு சொல் கூட மாற்றவில்லை என்றும் சொன்னார். பிரதியில் திருத்தங்கள் இருக்கின்றன, இருந்துவிட்டுப் போகட்டும். 15 பேர், 59 சிறு பகுதிகள், ஒரு தாயின் பிணத்தை அவள் கேட்ட ஊருக்கு வண்டியில் கொண்டுபோகும் ஏழைக் குடும்பம். கடைக்குட்டியின் ஒரு பகுதியில் ஒரே வரிதான் இருக்கும்: என் அம்மா ஒரு மீன். இறந்தவர்களின் வீட்டார் பேசுவதை வேலையில் தினம் கேட்பவள் நான். துக்கத்தில் மனிதர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள்.

அந்த ஞாயிறு பத்தரைக்கெல்லாம் ஊருக்குள் போய்விட்டேன். வீடு திறக்கும்வரை இரண்டு இடங்கள் பார்த்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் ஊர் நடுவில் நீதிமன்றச் சதுக்கம். 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி' நாவலின் கடைசிக் காட்சி நடக்கும் சதுக்கத்துக்கு மூலம் இதுதான். வண்டி அங்குள்ள சிலையின் வழக்கமில்லாத பக்கம் திரும்பியதும் பெஞ்சி ஓலமிடுவான், சரியான பக்கம் திருப்பியதும் அடங்கிவிடுவான். நான் சதுக்கத்தை இரண்டு பக்கமாகவும் சுற்றி நடந்தேன். ஒரு பக்கம் போனால் பெயர்ப்பலகைகளும் கடைகளும் ஒரு வரிசையில் வரும், மறுபக்கம் எல்லாம் தலைகீழ். படிக்கும்போது விசித்திரமாகப் பட்டது, நடக்கும்போது உடம்புக்கே புரிந்தது. அங்கேயே 'ஸ்கொயர் புக்ஸ்' இருக்கிறது. 1979இலிருந்து நடக்கும் கடை, மாடியில் பால்கனி. சாய்வெழுத்து ஒழுங்காக உள்ள பிரதி ஒன்றை எனக்கென்று அங்கே வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது செயின்ட் பீட்டர்ஸ் கல்லறைத் தோட்டம். அக்கா சொல்லி அனுப்பியது இதற்காகத்தான். ஃபாக்னரின் கல்லறையைக் கண்டுபிடிப்பது சுலபம், வாசகர்கள் விஸ்கி பாட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். "அதோடு திரும்பிவிடாதே, காரலைன் பாரையும் பார்த்துவிட்டு வா" என்றிருந்தார். காரலைன் பார் அடிமையாகப் பிறந்தவர். ஃபாக்னரையும் அவர் தம்பிகளையும் வளர்த்தவர். 1940இல் இறந்தபோது, ரோவன் ஓக்கின் கூடத்திலேயே அவர் உடலை வைத்து, ஃபாக்னர் இரங்கல் உரை படித்தார். 1942இல் 'கோ டவுன், மோசஸ்' நூலை அவருக்கே சமர்ப்பித்தார். கல்லறை ஃபாக்னர் குடும்பத்தினர் பக்கத்தில் இல்லை, தள்ளி இருக்கிறது. கல்லில், அவருடைய வெள்ளைப் பிள்ளைகள் அவரை வாழ்த்துகிறார்கள் என்று பொறித்திருக்கிறது. "அதைப் படித்துவிட்டு, அவள் பெற்ற பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக்கொள்" என்று அக்கா சொல்லியிருந்தார். கேட்டுக்கொண்டேன். அன்பு பொய்யில்லை, அந்தக் கேள்வியும் பொய்யில்லை. ஃபாக்னரின் நல்ல நாவல்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடந்து தவிக்கின்றன என்பது என் எண்ணம்.

மதியம் ஒரு மணிக்கு ரோவன் ஓக். இரண்டு பக்கமும் சிடார் மரங்கள், நடுவில் நடைபாதை, முடிவில் வெள்ளைத் தூண்கள் வைத்த இரண்டு மாடி வீடு. 1840களில் அடிமைகளை வைத்திருந்த ஒருவர் கட்டியது. நான் முன்வாசலுக்குப் போகாமல் பின்பக்கம் சுற்றிப் போய், காரலைன் பார் வாழ்ந்த சிறு குடிலை முதலில் பார்த்தேன். பெரிய வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். அந்தத் தூரத்தைக் காலால் நடந்து பாருங்கள்.

வீட்டின் கதை கடனின் கதை. 1930இல் ஃபாக்னர் இதை வாங்கும்போது மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, கூரை ஒழுகியது. விலை 6,000 டாலர், மாதத் தவணை 75 டாலர். நாடே வேலையில்லாமல் நின்ற நேரம். பத்திரிகைகளுக்குச் சிறுகதை அனுப்பினார், திரும்பி வந்ததை வேறொன்றுக்கு அனுப்பினார். 1932இல் ஹாலிவுட் போய் எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு வாரம் 500 டாலர் சம்பளத்தில் திரைக்கதை எழுதினார். 'லைட் இன் ஆகஸ்ட்', 'அப்சலோம், அப்சலோம்!' இரண்டும் இந்த வீட்டில் குடியிருந்த 1930களில் எழுதியவை. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே வந்த அமெரிக்க நவீனத்துவம் என்றாலே பாரிஸ் காபிக் கடைகளில் உட்கார்ந்த அமெரிக்க எழுத்தாளர்களைத்தான் பேசுவார்கள். ஃபாக்னரும் 1925இல் சில மாதம் பாரிஸில் இருந்தவர்தான். ஆனால் திரும்பி வந்து, பாழடைந்த வீடு ஒன்றைத் தவணையில் வாங்கி, பாழடையும் வீடுகளைப் பற்றியே எழுதினார். மனதில் ஓடும் நினைவுகளை ஓடுகிறபடியே எழுதும் நனவோடை உத்தி, சிதறிய காலம் என்று விமர்சகர்கள் சொல்வதெல்லாம் இங்கே நின்று பார்த்தால் உத்தியாகவே தெரியவில்லை. பழையது போகவுமில்லை, இருக்கவுமில்லை என்ற ஊரில் காலம் வேறு எப்படி ஓடும்?

அறைகளை வாசலில் நின்றுதான் பார்க்க வேண்டும். வழிகாட்டி கூடவே வரமாட்டார், நம் வேகத்துக்கு நாம் நடக்கலாம். தொலைபேசிக்குப் பக்கத்துச் சுவரில் கைக்கு வந்தபடி குறித்த எண்கள் அப்படியே இருக்கின்றன. மாடியில் அவர் மனைவி எஸ்டெல்லின் அறை ஜன்னலில் ஓர் ஏ.சி. பெட்டி. ஃபாக்னருக்கு ஏ.சி. பிடிக்காது. அவருடைய அடக்கம் முடிந்த மறுநாளே அதை மாட்டினார்கள் என்று சொல்கிறார்கள். 32 மிசிசிப்பிக் கோடைகளைத் தாங்கிய பெண்ணின் நியாயம் அந்தப் பெட்டியில் இருக்கிறது.

எழுதும் அறையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கீழ்த்தளத்தில் பின்பக்கம், நோபல் பரிசு வந்தபின் சேர்த்துக் கட்டியது. ஒரு கட்டில், ஜன்னலோரம் அவர் அம்மா கொடுத்த சின்ன மேஜை, அதன்மேல் அண்டர்வுட் தட்டச்சுப் பொறி. என் லேப் மேஜையில் பாதி கூட இருக்காது அந்த மேஜை. சுற்றிச் சுவரில் அவர் கையெழுத்து. 1954இல் வந்த 'எ ஃபேபிள்' நாவலின் திட்டத்தை, திங்கள், செவ்வாய் என்று கிழமை வாரியாக, சாதாரணப் பென்சிலாலும் சிவப்புப் பென்சிலாலும் பூச்சுமேலேயே எழுதி வைத்திருக்கிறார். எழுத்து சிறியது, நிமிர்ந்தது, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும்.

அந்த நாவல் முதல் உலகப் போரைப் பற்றியது. இதுதான் என்னை அங்கேயே நிறுத்தியது. அவர் காலத்து இன்னொரு அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே 1918இல் இத்தாலியப் போர்முனையில் காயம்பட்டவர். ஃபாக்னர் அதே ஆண்டு டொராண்டோவில் பிரிட்டிஷ் விமானப்படையில் பயிற்சிக்குச் சேர்ந்தார், பயிற்சி முடியும் முன் போர் முடிந்தது. ஊருக்கு வந்து சீருடையோடு நடந்தார், காயம் பட்டவர்போல் நொண்டியும் காட்டினார். முதல் நாவல் 'சோல்ஜர்ஸ் பே', 1926இல் வந்தது. அதுவும் போரிலிருந்து சிதைந்து திரும்பியவனைப் பற்றியதுதான். அதற்கும் கால் நூற்றாண்டுக்குப் பிறகு, நோபல் வாங்கிய மனிதர், போகாத அந்தப் போரைத் தன் படுக்கையைச் சுற்றியுள்ள சுவரில் நாள் நாளாக எழுதிக்கொண்டிருக்கிறார். எத்தனை இரவுகள் அந்தக் கட்டிலில் படுத்து அந்த வரிகளைப் பார்த்திருப்பார்!

அவரை ஒரு வரி கூடப் படிக்காமல் போனால் இது மரங்கள் சூழ்ந்த ஒரு பழைய வீடு, அவ்வளவுதான். 'ஆஸ் ஐ லே டையிங்' ஒன்றையாவது படித்துவிட்டுப் போங்கள், சின்ன நாவல்தான். மின்னூல் வாங்கினால் சாய்வெழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டிலிருந்து பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குக் காட்டு வழியாக ஒரு நடைபாதை உண்டு, ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சமதளம் கிடையாது, நல்ல செருப்பு வேண்டும்.

எழுதும் அறையில் கிழமைகளை எண்ணிக்கொண்டே வந்து ஞாயிறோடு நகர்ந்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நகரப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால், கதவு திறந்திருந்தால் மறைந்துவிடும் சுவர்த்துண்டில், இன்னும் ஒரு தலைப்பு எழுதியிருக்கிறார்: நாளை.